பதினாறாவது போர்ட்

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நான் என் கணவருக்கு ஒரு முகவரி யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு முகவரி இல்லை. அது இருபது வருடமாக மாறாதது. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்பில் கீழ்த்தளம், இடது பக்கம். நான் யோசித்தது கணினிகளுக்குக் கொடுக்கிற, நான்கு எண்களும் நடுவே மூன்று புள்ளிகளும் கொண்ட இன்னொரு முகவரி. முதல் மூன்று எண்கள் எங்கள் அலுவலகத்துக்கே உரியவை, அவற்றில் கை வைக்க முடியாது. கடைசி எண் மட்டும் என் இஷ்டம். நூற்றுப் பதினாறு என்று கொடுத்தால் போர்ட் எண்ணோடு பொருந்தும், பின்னால் தேடுவதற்குச் சுலபம். ஆனாலும் திருமணப் பத்திரிகைக்கு எழுத்து பார்க்கிறவள் மாதிரி கால் மணி நேரம் அதை இதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நூற்றுப் பதினாறுக்கே வந்து சேர்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது குடிநீர் அலுவலகத்தில். ஊரைச் சுற்றிப் பதினைந்து மேல்நிலைத் தொட்டிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய அறை, அறைக்குள் ஒரு பழைய கணினி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணினி தொலைபேசிக் கம்பி வழியாக எங்களிடம் வரும். பெயர் சொல்லும், கடவுச்சொல் சொல்லும், தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்லும், போய்விடும். வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடும் பெட்டிக்கு அக்சஸ் சர்வர் என்று பெயர். குளிர் அறையில், இரும்புச் சட்டத்தில், தடித்த அகராதியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அதன் முதுகில் கம்பி செருகும் பதினாறு துளைகள், அவைதான் போர்ட்டுகள். ஒன்றிலிருந்து பதினைந்து வரை தொட்டிகளுக்கு. பதினாறில் யாரும் இல்லை. தூசி நுழையாமல் இருக்க அதில் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தோம்.

பதினைந்து போர்ட்டுகளையும் அமைத்தது நான்தான். இந்த அலுவலகத்தில் எனக்குப் பெருமைப்பட வேறு அதிகம் இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிக்கொள்வேன். ஒரு போர்ட்டிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எவ்வளவு வேகத்தில் கேட்பது, ஓர் எழுத்து எங்கே முடிகிறது, யாருக்கு எந்த முகவரி, கதவு திறந்த பிறகு எங்கே கூட்டிப் போவது. வெளியே எப்போது அனுப்புவது என்பதும் உண்டு. தொடக்கத்தில் நான்காம் தொட்டியின் கணினி தண்ணீர் அளவைச் சொல்லி முடித்த பிறகும் லைனை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும், மறுநாள் காலை வரை அடுத்த அளவு வராது. அதற்காக ஒரு விதி போட்டேன். ஐந்து நிமிடம் ஓர் எழுத்தும் வராவிட்டால் லைனைத் துண்டித்துவிடு. அதிலிருந்து ஒரு தொட்டியும் வாலாட்டியதில்லை.

ஆக, பதினாறாவது போர்ட்டைப் புதிதாக அமைக்க எனக்கு அரை நிமிடம்தான் ஆனது. பதினைந்தாவதை அப்படியே நகலெடுத்தேன். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றினேன். இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

என் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். இருபத்தாறு வருடம். எந்தப் பேருந்து எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் அவரைத் திருமணம் செய்துகொண்டேன் என்று சொன்னால் என் அக்கா இன்றும் சிரிப்பாள். ஆனால் அது உண்மைதான். பெண் பார்க்க வந்த அன்று அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. "காபி நல்லா இருக்கு" என்று சொன்னதைக் கேட்டதும், இந்த ஆள் தினமும் வீட்டில் எதையாவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறை பெரிதாகத் தெரியாத அளவுக்கு அவர் பேசினார்.

அவர் வேலையில் ஒரு முறை உண்டு. மாடியில் கண்காணிப்பாளர் அறை, கீழே கண்ணாடிக் கூண்டில் இவர். மாடியிலிருந்து "மைக் போட்டாச்சு" என்று குரல் வந்ததும், சீட்டைக் கையில் எடுத்து, கண்ணால் ஒருமுறை மேய்ந்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் ஒலிபெருக்கி வழியாக நிலையம் முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டதுமே பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் பேச்சு. முதலில் மைக், பிறகு யோசனை, பிறகு செருமல், பிறகு சொல். இந்த வரிசையை வீட்டிலும் அவரால் மாற்ற முடிந்ததில்லை. சண்டை போடுவதற்கு முன்னால்கூட இரண்டு தடவை செருமுவார், அதற்குள் நான் சமையலறைக்கு ஓடிவிடுவேன். இன்னொரு வழக்கமும் உண்டு. அறிவிப்பு நீண்டு போனால் மாடியிலிருந்து மைக்கை அறுத்துவிடுவார்கள். அறுத்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. மறுபடி போடும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு அநியாயம் என்று நான் பொங்குவேன். "அவங்களுக்கு மேல ஏதாவது காரணம் இருக்கும்மா" என்பார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்துக் குழியில் இருக்கும் சிறிய துளை வழியாகத்தான் மூச்சு. மருத்துவமனையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்து அனுப்பினார்கள். முதல் வாரம் அதில் கொஞ்சம் எழுதினார். பிறகு அது இரண்டு சொற்களாகச் சுருங்கிப் போனது. 'சரி', 'வேண்டாம்'. ஒவ்வொரு தடவையும் எழுதி அழிப்பதற்குச் சோம்பல்பட்டோ என்னவோ, பலகையின் ஒரு பக்கத்தில் 'சரி', மறுபக்கத்தில் 'வேண்டாம்' என்று நிரந்தரமாக எழுதி வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிக் காட்டினார். வெளியே போவதில்லை. தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. சன்னலோரம் உட்கார்ந்து அலுவலகத்தின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு என் கணவர் வேண்டும். அதை யாரிடம் மனுப் போட்டுக் கேட்பது என்று தெரியவில்லை.

அந்த யோசனை ஒரு மதியத் தூக்கக் கலக்கத்தில் வந்தது. தொட்டிகளுக்கும் வாய் கிடையாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னிடம் வந்து இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகின்றன.

எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் 'அறிக்கை' என்று பெயர். மழை பெய்தால்கூட அறிக்கை கேட்பார். அவரிடம் போய், குடியிருப்புக்கு ஒரு சோதனை லைன் இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கழித்துப் போட்ட கணினி ஒன்று கிடங்கில் இருக்கிறது, பதினாறாவது போர்ட் காலியாக இருக்கிறது என்றேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கிழக்க புதுத் தொட்டி வருது மேடம். அதுக்கு அந்த போர்ட்டுதான்."

"அது வர்ற வரைக்கும் சார்."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்துடும். அன்னைக்கு அறிக்கை எடுப்போம். பதினாறுல எழுத்து ஏதாவது ஓடியிருந்தா, உபயோகத்துல இருக்குன்னு மேல எழுதி இன்னொரு பெட்டி கேக்கறேன். ஓடலேன்னா நீங்களே கழட்டிக் குடுத்துடுங்க."

அதே நாள் சாயங்காலம் கம்பி அண்ணன் வந்தார். எங்கள் அலுவலகத்துத் தொலைபேசிக் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிறவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. குடியிருப்புக்குப் போகும் கற்றையில் உபயோகம் இல்லாத ஒரு ஜோடிக் கம்பி இருந்தது. "இது செத்துப் பல வருஷம் ஆச்சு தங்கச்சி. உசுரு வருதான்னு பாப்போம்" என்று சொல்லி, சுவரோடு சுவராக நடந்து, ஏணி போட்டு, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டு எங்கள் வீட்டுக் கூடம் வரைக்கும் கொண்டு வந்தார். நான் கணினியை சன்னலோர மேசையில் வைத்து, அதைத் தொலைபேசிக் கம்பியோடு பேச வைக்கும் மோடத்தில் செருகி, உயிர் கொடுத்தேன். என் கணவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாரே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை.

முதலில் திரையில் குப்பை கொட்டியது. இந்தப் பக்கத்து வேகமும் அந்தப் பக்கத்து வேகமும் ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான். எதிர்முனை ஒழுங்காகப் பேசினாலும் நமக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியும். வால் முளைத்த எழுத்துகளும் சிரிக்கும் முகங்களும் அரைகுறைக் கட்டங்களுமாகத் திரை நிறைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. வேகத்தைச் சரி செய்ய எனக்கு மனமே வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொட்டட்டும் என்று மோடத்தைத் தட்டுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

பிறகு சரி செய்து, அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இங்கே பெயர், இங்கே கடவுச்சொல். உள்ளே போனதும் வெறுமையாக ஒரு திரை வரும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அழிக்கலாம், திருத்தலாம். அதெல்லாம் இந்தக் கணினியிலேயே இருக்கும், எனக்குத் தெரியாது. என்டர் தட்டினால்தான் அந்த வரி கம்பியில் ஏறும். என் மேசையில் மணி அடிக்கும். நான் எங்கே இருந்தாலும் ஓடி வந்து படிப்பேன். 'சோதனை' என்று நானே ஒரு சொல் அடித்து அனுப்பிக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். பலகையைத் திருப்பி 'சரி' காட்டினார்.

புதன்கிழமை முழுக்க நான் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மணி அடிக்கவில்லை. வியாழனும் அடிக்கவில்லை. மதிய நேரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு மயக்கம் இறங்கும். மின்விசிறிச் சத்தமும் குளிர் அறையின் ரீங்காரமும் ஒன்றாகிவிடும், சன்னலில் வெயில் பால் மாதிரி வெளுத்துவிடும். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே நான் தூங்குவேன். அப்படித் தூங்கும்போது ஒரு கனவு வந்தது. பதினாறாவதாக ஒரு தொட்டி. நான் இரும்பு ஏணியில் ஏறி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். உள்ளே தண்ணீர் இல்லை, அவர் குரல் நிற்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறம் இல்லாமல், விளிம்பு வரை, லேசாக அலையடித்துக்கொண்டு நின்றது. எத்தனை அடி என்று பார்க்க அளவுகோலை இறக்குகிறேன். கோல் போய்க்கொண்டே இருக்கிறது. விழித்தபோது ஏழாம் தொட்டி வந்து பதினோரு அடி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது.

திங்கட்கிழமை வாராந்திர அறிக்கை அச்சாகி வந்தது. போர்ட் வாரியாக, வந்த எழுத்துகள். பதினைந்து வரை ஆயிரக்கணக்கில். பதினாறுக்கு நேராக ஒரு பூஜ்யம். புது போர்ட்டுக்குக் கணக்கு மறுநாளிலிருந்துதான் தொடங்கும் என்பதால் நான் செவ்வாய்க்கிழமை அடித்த 'சோதனை'கூட அதில் இல்லை. அறிக்கை சார் ஒன்றும் சொல்லாமல் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போனால் கணினி துடைத்து வைத்தது போல் இருக்கும். அதன் மேல் நான் போட்டிருந்த துணிகூட ஒழுங்காக மடித்திருக்கும். இவர் அதைத் தொடுவதே இல்லை என்று முடிவு கட்டினேன். செவ்வாய், புதன் என்று பொறுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே வாயும் கழன்றுகொண்டது.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க? அங்க ஒருத்தி மணி அடிக்குமா அடிக்குமான்னு பேய் மாதிரி காத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு அதைக் கழட்டிடுவாங்க. என்கிட்ட பேச இஷ்டம் இல்லேன்னா அதையாவது எழுதிக் காட்டுங்க, நான் நிம்மதியா இருந்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. நான் சொன்னதில் எங்கோ ஒரு கணக்கு இடிக்கிறது என்பது போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பலகையை எடுத்தார். 'சரி'யைத் துணியால் அழித்தார். பேனாவைத் திறந்தார். பேனா பலகைக்கு ஒரு விரல் தூரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டுப் பலகையை மேசையில் கவிழ்த்து வைத்தார். இரவு சாப்பிடும்போது 'இன்னும் போடவா' என்று கேட்டேன். சொல்வதற்கு அவரிடம் 'வேண்டாம்' மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கம்பி அண்ணன் இடுக்கியோடு வந்துவிட்டார். புதுத் தொட்டியின் கணினி வந்து இறங்கியிருந்தது. அறிக்கை சார் தன் அறை வாசலில் நின்று, "முடிச்சுடலாமா மேடம்?" என்றார். அந்தக் குரலில் இருந்த தயவு எனக்குப் பிடிக்கவில்லை. சரி என்று திரையின் முன் உட்கார்ந்தேன்.

ஒரு போர்ட்டை அழிப்பதற்கு முன்னால் அதன் வருகைப் பதிவை எடுத்து வைத்துவிட வேண்டும். இது நான் போட்ட விதி இல்லை, எல்லோரும் செய்வது. பின்னால் யாராவது அந்த போர்ட்டில் யார் வந்தார்கள் போனார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு. வாராந்திர அறிக்கையில் மொத்த எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். வருகைப் பதிவில் ஒவ்வொரு வருகையும் தனித்தனி வரியாக இருக்கும். பதினாறில் ஒன்றும் இருக்காது, நான் செவ்வாய்க்கிழமை அடித்த 'சோதனை' ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கட்டளையைத் தட்டினேன்.

திரை உருண்டது. ஒரு வரி, இரண்டு வரி என்று நிற்காமல் உருண்டுகொண்டே போனது. வேறு போர்ட் எண்ணைக் கொடுத்துவிட்டேனோ என்று பார்த்தேன். பதினாறுதான்.

புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்திருக்கிறார். நான் வீட்டை விட்டுக் கிளம்பி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். பெயர் சரி. கடவுச்சொல் சரி. இருந்த நேரம் ஐந்து நிமிடம். வந்த எழுத்துகள் பூஜ்யம். முடிந்த காரணம், போர்ட் துண்டித்தது. ஒன்பது பதினேழுக்கு மறுபடி. ஐந்து நிமிடம், பூஜ்யம், துண்டித்தது. ஒன்பது இருபத்தாறு. ஒன்பது நாற்பது. அன்று மட்டும் பதினோரு தடவை. வியாழக்கிழமை ஒன்பது. வெள்ளி ஏழு. இந்த வாரம் திங்கள் ஆறு, செவ்வாய் நான்கு, புதன் இரண்டு. நேற்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே ஐந்து நிமிடம், அதே பூஜ்யம், அதே காரணம்.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிக்கிறவர். ஒரு வரியை அனுப்புவதற்கு முன்னால் பத்துத் தடவை திருத்துகிறவர். முதலில் மைக், பிறகு யோசனை. அவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, என்ன சொல்லலாம் என்று தொடங்கி, அடித்து, அழித்து, மறுபடி அடித்து, என்டரை நெருங்குவதற்குள் ஐந்து நிமிடம் முடிந்திருக்கிறது. கம்பியில் ஓர் எழுத்தும் ஏறாததால், நான்காம் தொட்டிக்காக நான் போட்ட விதி அவரை வெளியே தள்ளியிருக்கிறது. அடித்ததெல்லாம் போய், திரை துடைத்துக்கொண்டு, மறுபடி 'பெயர்?' என்று கேட்டிருக்கிறது. அவரும் மறுபடி பெயர் சொல்லியிருக்கிறார்.

ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை. மேலே மைக்கை அறுத்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. அவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும். இந்தத் தடவை மேலே இருந்தவள் நான்.

கடைசி வரியை அப்போதுதான் பார்த்தேன். இன்று, வெள்ளி, காலை ஒன்பது இருபது. நேற்று நான் அத்தனை பேச்சு பேசிய பிறகு, இன்றும் ஒரு தடவை வந்திருக்கிறார். ஐந்து நிமிடம் இருந்திருக்கிறார்.

எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கம்பி அண்ணன் நின்றுகொண்டிருந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். போர்ட்டின் அமைப்புக்குள் போய், சும்மா இருக்கும் நேரம் என்ற வரியில் ஐந்தை அழித்துப் பூஜ்யம் போட்டேன். அந்த இடத்தில் பூஜ்யம் என்றால் வரம்பு இல்லை என்று பொருள். எத்தனை நேரம் பேசாமல் இருந்தாலும் வெளியே அனுப்பாதே. சேமித்தேன். தொலைபேசியை எடுத்து வீட்டு எண்ணைச் சுழற்றினேன்.

அவர் எடுக்கமாட்டார் என்று தெரியும். ஒன்பதாவது மணியில் எடுத்தார்.

எடுத்தார் என்பது ரிசீவர் தூக்கப்பட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பேசாமல் இருந்தால்கூட மூச்சுக் கேட்கும். இவர் மூச்சு கழுத்தில் இருக்கிறது, தொலைபேசிக்கு வராது. கிணற்றுக்குள் பேசுவது போல் பேசினேன்.

"நான்தான். வெச்சுடாதீங்க. நீங்க பேசாம இல்லேன்னு இப்பதான் பாத்தேன். நான்தாங்க அறுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். வேணும்னு இல்லே. தொட்டிக்குப் போட்ட விதிய உங்களுக்கும் போட்டுட்டேன், மறந்தே போச்சு. அஞ்சு நிமிஷம்... நாப்பத்தோரு தடவை வந்திருக்கீங்க. நேத்து நான் உங்கள..."

அதற்கு மேல் தொண்டை அடைத்துவிட்டது. எனக்குத் தொண்டை அடைக்கிறது என்று அவரிடம் காட்டிக்கொள்வதே வெட்கமாக இருந்தது. கம்பி அண்ணன் சுவரில் இருந்த பழைய நாட்காட்டியைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

"இப்ப எடுத்துட்டேன். ஒரு மணி நேரம் ஆனாலும் அறுக்காது. யோசிச்சு மெதுவா... உங்க இஷ்டம்ங்க. மைக் போட்டாச்சு."

அந்தப் பக்கம் எதுவும் இல்லை. பிறகு ரிசீவர் வைக்கப்பட்டது. கேட்டாரா, பாதியில் வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போய்விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

பதினாறாவது போர்ட்டின் நிலையைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டேன். காலி. காலி. காலி. நாலு பதினெட்டுக்கு எழுத்து மாறியது. பெயர், சரி. கடவுச்சொல், சரி. உள்ளே வந்துவிட்டார். அதன் பக்கத்தில் சும்மா இருக்கும் நேரம் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான்கு முடியும்போது என்னை அறியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து வந்தது. ஐந்து போனது. ஆறு என்று வந்தபோது, தண்ணீர் கரையைத் தாண்டி மெல்ல அடுத்த வயலுக்குள் இறங்குவதைப் பார்ப்பது போல இருந்தது.

அறிக்கை சார் வந்து பின்னால் நின்றார். "என்னாச்சு மேடம்? கழட்டியாச்சா?"

"லைன்ல இருக்கார் சார்."

"எழுத்து?"

"இன்னும் இல்லே."

அவர் குனிந்து பார்த்தார். "பதினாலு நிமிஷமா சும்மா இருக்குதே."

"சும்மா இல்லே சார்."

வருகைப் பதிவின் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அறிக்கைகளை அவர் அப்படித்தான் படிப்பார், ஒரு வரி விடமாட்டார். படித்து முடித்துத் தாளை நான்காக மடித்தார், பிறகு ஏன் மடித்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி பிரித்து என் மேசையில் தடவி வைத்தார். "நான் அஞ்சு மணிக்குத்தான் கையெழுத்துப் போடறது வழக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்பி அண்ணன் இடுக்கியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துச் சன்னல் வழியாக எங்கள் வீட்டுச் சன்னல் தெரியும். திரைச்சீலை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. உள்ளே இருட்டில் ஒரு நீல வெளிச்சமும் அதன் முன்னால் ஒரு தலையும் இருப்பது போலத் தெரிந்தது. நானாக அப்படி நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். தொட்டிகள் ஒவ்வொன்றாக வந்து அளவு சொல்லிவிட்டுப் போயின. பன்னிரண்டு அடி. ஒன்பதே முக்கால். பதினாறில் நேரம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. இருபது. இருபத்து மூன்று. இருபத்தேழு.

மணி அடித்தது.

பாய்ந்து திரையைப் பார்த்தேன். ஒரு வரி வந்திருந்தது. அதில் எதுவும் இல்லை. வெறும் வரி. வெறும் என்டர் மட்டும் தட்டியிருக்கிறார். சும்மா இருந்த நேரம் பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி ஓடியது.

"தவறிப் பட்டிருக்கும்" என்றார் அறிக்கை சார், மெதுவாக.

மணி மறுபடி அடித்தது. இரண்டாவது வெறும் வரி.

தவறிப் படவில்லை, இரண்டு தடவை செருமியிருக்கிறார். மேசையில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தேன்.